சேர்த்துத் தின்றால் சேராது

நெல் நடவுக்கு ஜிங்க் சல்பேட் போடுறீங்க. அதை சூப்பர் பாஸ்பேட்டோடு கலப்பீங்களா? மாட்டீங்க. மணலில் கலந்து தனியாகத்தான் தூவுவீர்கள். கலந்தால் மணிச்சத்தும் துத்தநாகமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு பயிருக்கு எட்டாமல் போகும்.

வயலில் பார்க்கிற இந்தப் பக்குவம் வீட்டிலும் வேண்டும். கர்ப்பிணிக்கு மூன்று மாதம் கழிந்ததும் இரும்புச்சத்து மாத்திரையும் சுண்ணாம்புச்சத்து மாத்திரையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் தருகிறார்கள். "ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக்கோ, வேலை முடிஞ்சுது" என்பார் மாமியார். நல்லெண்ணம்தான். ஆனால் குடலில் சுண்ணாம்பு இருக்கும்போது இரும்பு சரியாக உடம்பில் ஏறாது. மாத்திரை தவறாமல் தின்றும் சோகை தீராது. அந்த நிலையில் பிரசவத்தில் உதிரப்போக்கு கண்டால் தாயின் உயிருக்கே ஆபத்து.

சுண்ணாம்பு மாத்திரை தினம் இரண்டு. காலைச் சாப்பாட்டோடு ஒன்று, மதியச் சாப்பாட்டோடு ஒன்று. வெறும் வயிற்றில் வேண்டாம். இரும்பு மாத்திரையை ராத்திரி சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். எப்படியும் இரண்டு மாத்திரைக்கும் நடுவே 2 மணி நேரமாவது இருக்கட்டும். இரும்பு மாத்திரையைத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும்; டீ, காபி, பால் கூடாது. கூட ஒரு நெல்லிக்காய் கடித்தால் இன்னும் நன்றாக ஏறும்.

மலம் கறுப்பாகப் போகுதே என்று பயந்து பாதியில் நிறுத்துகிறவர்கள் உண்டு. அது இரும்பின் நிறம்தான், நிறுத்த வேண்டாம்.