முதல் ஒரு மணி நேரம்

குழந்தை பிறந்ததும் சேனை வைக்க நல்ல குணமுள்ள பெரியவரைத் தேடுவார்கள். சர்க்கரைத் தண்ணீரோடு அவர் குணமும் வந்துவிடுமாம். குணம் வருகிறதோ இல்லையோ, கிருமி வரும்!

உலக சுகாதார நிறுவனமும் யூனிசெஃபும் 1991-இல் தொடங்கிய குழந்தை நேய மருத்துவமனைத் திட்டம் கேட்பது சீம்பாலை, அதுவும் ஒரு மணி நேரத்துக்குள். பிள்ளையைத் துடைத்து உடனே தாயின் வெறும் மார்பில் போட வேண்டும். எடை பார்ப்பது காத்திருக்கலாம். சிசேரியனா? தாய் விழித்திருந்தால் அப்போதும் முடியும். ஆனால் நர்ஸ் ஒருவர் பக்கத்திலேயே நின்று பிள்ளையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆள் குறைந்த வார்டில் சிக்கலே அதுதான்.

பிறகு இரவும் பகலும் தாயும் பிள்ளையும் ஒரே அறையில். "பால் பத்தலையே" என்று பாட்டி கவலைப்பட்டால், பால்பவுடர் டப்பாவைத் தேட வேண்டாம். பால் போதுகிறதா என்று தெரிந்துகொள்ள, ஐந்தாம் நாளிலிருந்து பிள்ளை தினம் ஆறு தடவையாவது ஒன்றுக்குப் போகிறதா என்று எண்ணச் சொல்லுங்கள்.