இரண்டு கட்டிகள்

(பழைய மாணவர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



செயலாளர் அண்ணன் போன் செய்து, "பம்ப் பத்திப் பேசுப்பா, உனக்குத் தெரிஞ்சது அதுதானே" என்றார். அவர் சொல்லைத் தட்டவில்லை. நான் பேசப்போவதும் பம்ப் பற்றித்தான். ஆனால் கிணற்றில் இருக்கும் பம்ப் அல்ல, நம் கெண்டைக்காலில் இருக்கும் பம்ப். புற்றுநோய் வந்தவர்களுக்கு ரத்தம் ஏன் உறைந்து கட்டிக்கொள்கிறது என்பது பேச்சின் பொருள். நான் டாக்டர் இல்லை. நம்ம ஆட்களில் டாக்டரைக் கட்டிக்கொண்டவர்கள் மூன்று பேர் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். தப்பாக ஏதாவது சொன்னால் அவர்கள் வீட்டார் தாராளமாகக் கையைத் தூக்கலாம்.

ஏன் இந்தப் பொருள் என்று கேட்பீர்கள். என் வயதுக்காரர்களின் அப்பா அம்மாவெல்லாம் அறுபதைத் தாண்டிவிட்டார்கள். நம் வகுப்புக்காரர்கள் போனில் பேசிக்கொண்டால் மூன்றாவது நிமிடம் யாராவது ஒருவர் வீட்டு ஆஸ்பத்திரி விஷயம் வந்துவிடுகிறது. கீமோ என்றால் முடி கொட்டும், வாந்தி வரும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. காலில் ரத்தம் கட்டும் என்பது மட்டும் பலருக்குத் தெரியவில்லை. ஆனால் புற்றுநோயாளிகளின் உயிரைப் பறிக்கும் காரணங்களில், அந்த நோய்க்கு அடுத்தபடியாக முன்வரிசையில் நிற்பது இந்த ரத்தக்கட்டிதான். மற்றவர்களைவிட அவர்களுக்கு இது நான்கு முதல் ஏழு மடங்கு அதிகமாக வருகிறது.

முதலில் பம்ப். இதயம் ரத்தத்தைக் கீழே தள்ளிவிடுகிறது, சரி. அது பாதத்திலிருந்து மேலே ஏறி வருவது எப்படி? நடக்கும்போது கெண்டைக்கால் தசை இறுகி, உள்ளே இருக்கும் சிரைகளைப் பிழிகிறது. பிழிந்த ரத்தம் மேலே போகிறது. திரும்பிக் கீழே இறங்காமலிருக்கச் சிரைக்குள் சின்னச் சின்ன வால்வுகள் இருக்கின்றன. நம்ம கிணற்று மோட்டாருக்கு ஃபுட் வால்வு போடுகிறோமே, அதே வேலை. ஒரே ஒரு வித்தியாசம், இதில் குழாய் நெடுகிலும் வால்வு. ஆள் படுத்துவிட்டால் இந்தப் பம்ப் நின்றுவிடும். நின்ற தண்ணீரில் பாசி பிடிக்கிற மாதிரி, தேங்கிய ரத்தம் உறையப் பார்க்கும்.

தேக்கம் ஒரு காரணம்தான். ஜெர்மன் மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோ 1856-ல் வெளியிட்ட ஆய்வுகளை ஒட்டி, பின்னால் வந்தவர்கள் மூன்று காரணங்களைச் சேர்த்து அவர் பெயரிலேயே அழைக்கிறார்கள். ஓட்டம் குறைவது, குழாயின் உள்சுவர் காயப்படுவது, ரத்தமே எளிதில் உறையும் தன்மைக்கு மாறுவது. எந்தக் குழாய் ரிப்பேருக்கும் நாமும் இந்த மூன்றைத்தானே பார்ப்போம்? வேகம், குழாய், உள்ளே ஓடும் சரக்கு.

புற்றுநோயின் விசேஷம், அது மூன்றிலும் கை வைக்கிறது. இடுப்புக்குள் வளரும் கட்டி பக்கத்துச் சிரையை நெருக்குகிறது, நோயாளியும் படுத்துவிடுகிறார். அறுவை சிகிச்சை, சில கீமோ மருந்துகள், மருந்து ஏற்றக் கழுத்துப் பக்கம் வைக்கும் குழாய் எல்லாம் உள்சுவரைச் சீண்டுகின்றன. மூன்றாவதுதான் எனக்கு மிகவும் ஆச்சரியமாக இருந்தது. நம் உடம்பில் 'திசுக் காரணி' என்று ஒரு புரதம் உண்டு. சாதாரணமாக அது ரத்தக் குழாய்க்கு வெளியே, சுற்றியுள்ள திசுவில்தான் இருக்கும். கத்தி வெட்டினால் ரத்தம் அதன்மேல் படும். உடனே ஒன்றையொன்று தட்டி எழுப்புகிற மாதிரி உறைதல் காரணிகள் வரிசையாக விழித்து, கடைசியில் த்ராம்பின் உண்டாகி, ரத்தத்தில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை ஃபைப்ரின் நூலாக்கி வலை பின்னிவிடும். காயம் அடைபடும். பல புற்றுநோய் செல்கள் இந்தத் திசுக் காரணியைத் தங்கள் மேலேயே சுமந்துகொண்டு திரிகின்றன. சின்னச் சின்னத் துகள்களாக ரத்தத்திலும் உதிர்த்துவிடுகின்றன. வெட்டே இல்லாமல் வெட்டுப்பட்டதாக உடம்புக்குப் பொய்த் தகவல்! கணையம், இரைப்பை, மூளை, நுரையீரல், சினைப்பை ஆகியவற்றில் வரும் புற்றுநோய்களில் இந்தத் தொல்லை அதிகம்.

இதில் புற்றுநோய்க்கு என்ன லாபம் என்று கேட்டால், லாபம் இருக்கிறது. கட்டியிலிருந்து பிரிந்து ரத்தத்தில் மிதக்கும் செல்லைச் சுற்றிப் பிளேட்லெட்டுகள் ஒட்டிக்கொள்கின்றன. நம் எதிர்ப்பு செல்கள் அதை அடையாளம் காண முடியாமல் போகிறது. அது போர்வை போர்த்திக்கொண்டு அடுத்த உறுப்பு வரை போய்ச் சேர்கிறது. அப்படியானால் உறைவைத் தடுக்கும் மருந்து கொடுத்தால் புற்றுநோயும் அடங்குமா என்று பல வருஷம் சோதித்துப் பார்த்தார்கள். ஆயுள் கூடுவதாக உறுதியாகத் தெரியவில்லை. கட்டுவதைத் தடுக்கலாம், அவ்வளவுதான்.

இந்தத் தொடர்பை உலகுக்கு அழுத்திச் சொன்னவர் பாரிஸ் நகரத்து அர்மான் த்ரூஸோ. ஓத்தெல்-தியூ ஆஸ்பத்திரியில் பாடம் நடத்தியவர். காரணம் தெரியாமல் சிரைகளில் ரத்தக்கட்டி வந்தால் உள்ளே புற்றுநோய் ஒளிந்திருக்கலாம் என்று 1865-ல் வெளிவந்த விரிவுரைகளில் சொன்னார். 1867 புத்தாண்டு அன்று அவருக்கே சிரையில் ரத்தக்கட்டி வந்தது. தம் மாணவரைக் கூப்பிட்டு, தன் வியாதி என்ன என்பதில் இனிச் சந்தேகமில்லை என்று சொல்லிவிட்டார். அதே வருஷம் ஜூன் மாதம் வயிற்றுப் பகுதிப் புற்றுநோயில் இறந்துபோனார். தான் கற்பித்த பாடத்தைத் தன் உடம்பிலேயே வாசித்த ஆசிரியர். இன்றும் அதற்கு த்ரூஸோ நோய்க்குறி என்றே பெயர்.

உடனே பயப்பட வேண்டாம். காலில் ரத்தம் கட்டியவர்கள் எல்லோருக்கும் புற்றுநோய் என்று அர்த்தமில்லை. கனடாவில் காரணமின்றி ரத்தக்கட்டி வந்த 854 பேரை ஒரு வருஷம் கவனித்து 2015-ல் முடிவு வெளியிட்டார்கள். நூற்றுக்கு நான்கு பேருக்கும் குறைவாகத்தான் புற்றுநோய் இருந்தது. எல்லோருக்கும் வயிற்றை சி.டி. ஸ்கேன் எடுத்துப் பார்த்ததால் கூடுதல் பலன் எதுவும் கிடைக்கவில்லை.

இனி என் வீட்டு விஷயம். என் அத்தைக்குச் சினைப்பையில் புற்றுநோய். நான் இந்தக் கல்லூரியில் படித்த நான்கு வருஷமும் செமஸ்டர் ஃபீஸ் கட்டியது அந்த அத்தைதான், அவர் நடத்திய தையல் கடைதான். ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். கொடுத்த காகிதத்தில் புண்ணுக்கு மருந்து இருந்தது, சத்து மாத்திரை இருந்தது. கால் வீங்கினால் வாருங்கள் என்ற ஒரு வரி இல்லை. வயிற்றிலும் இடுப்பிலும் புற்றுநோய்க்காகப் பெரிய ஆபரேஷன் நடந்தால், ரத்தம் கட்டாமலிருக்கும் ஊசியை ஒரு வாரத்தோடு நிறுத்தாமல் நான்கு வாரம் போட்டால் நல்லது என்று 2002-லேயே ஓர் ஆய்வு வந்துவிட்டது. ஒரு வாரம் போட்டவர்களில் 12 சதவீதம் பேருக்கு ரத்தக்கட்டி, நான்கு வாரம் போட்டவர்களில் 4.8 சதவீதம் பேருக்குத்தான். அத்தைக்கு ஊசி ஆஸ்பத்திரியோடு நின்றுபோனது. இந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை.

பன்னிரண்டாம் நாள் இடது கால் கனக்கிறது என்றார். பக்கத்து வீட்டு ஆயா, "நீர் கோத்திருக்கும், எண்ணெய் காய்ச்சித் தேய்ச்சு உருவி விடுங்க" என்றார். நல்ல மனசோடு சொன்னதுதான். நல்லவேளை, அன்று தையல் பிரிக்க எங்கள் ஊர் டாக்டரிடம் போக வேண்டியிருந்தது. அவர் பெரிய மெஷின் எதையும் எடுக்கவில்லை. அத்தையின் பையிலேயே இருந்த தையல் டேப்பை வாங்கினார். முழங்காலுக்குக் கீழே எலும்பு முட்டிக்கொண்டிருக்கும் இடத்திலிருந்து 10 சென்டிமீட்டர் இறங்கி, இரண்டு கெண்டைக்காலையும் சுற்றளவு எடுத்தார். நான்கு சென்டிமீட்டர் வித்தியாசம். "மூணு தாண்டினாலே சும்மா விடக்கூடாது" என்று சொல்லி அப்போதே டாப்ளர் ஸ்கேனுக்கு எழுதிக்கொடுத்தார். தொடை வரை அடைப்பு. எண்ணெய் தேய்த்து உருவியிருந்தால் அதில் ஒரு துண்டு பிய்த்துக்கொண்டு நுரையீரலுக்குப் போயிருக்கலாம்.

ஊசி ஆரம்பித்தார்கள். நர்ஸம்மா "கட்டி கரையறதுக்கு ஊசி" என்று சொல்லிவிட்டுப் போனார். மாமா முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மாப்ளே, கட்டி கரைஞ்சிருமாம்டா" என்றார். அவர் நினைத்த கட்டி வேறு. நம் தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல்லாகப் போய்விட்டது. அவரை டீக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போய், உங்களுக்கு இப்போது சொன்ன ஃபுட் வால்வு கதையையெல்லாம் சொல்லி, அந்த ஊசி உண்மையில் எந்தக் கட்டியையும் கரைப்பதில்லை என்று புரியவைத்தேன். ரத்தக்கட்டி மேலும் வளராமல் பிடித்து நிறுத்துகிறது. அதற்குள் நம் உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக அதைக் கரைத்துக்கொள்கிறது. மாமா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "சரி, கால் கட்டியாவது போகட்டும்" என்றார்.

மருந்துகளின் கதையில் நம்மைப் போன்ற சங்கத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1920-களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் கெட்டுப்போன ஸ்வீட் க்ளோவர் தீவனம் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் செத்தன. 1933-ல் ஒரு விவசாயி செத்த கன்றையும் ஒரு கேன் நிறைய உறையாத ரத்தத்தையும் பனிப்புயலில் ஏற்றிக்கொண்டு விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்கு வந்தார். கார்ல் பால் லிங்க் என்ற விஞ்ஞானியின் குழு 1939-ல் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தது. அதிலிருந்து பிறந்த ஒன்று 1948-ல் எலி மருந்தாக வந்தது. பிறகு மனிதர்களுக்கும் மருந்தாகி, 1955-ல் மாரடைப்பு வந்த ஜனாதிபதி ஐசன்ஹோவருக்கே கொடுத்தார்கள். அதுதான் வார்ஃபரின். அந்த 'வார்ஃப்' என்பது விஸ்கான்சின் பழைய மாணவர் ஆராய்ச்சி அறக்கட்டளையின் முதலெழுத்துகள்! அவர்கள் அறக்கட்டளை 1925-ல் தொடங்கி மருந்துக்கே பெயர் கொடுத்துவிட்டது. நாம் போன வருஷம் தண்ணீர்த் தொட்டி கட்டினோம். பரவாயில்லை, அதுவும் தேவைதான்.

ஆனால் புற்றுநோயாளிகளுக்கு வார்ஃபரின் சரியாக ஒத்துவரவில்லை. சாப்பாடு இறங்காது, வாந்தி, கீமோவோடு மோதல். அளவு ஒரு நாள் ஏறும், ஒரு நாள் இறங்கும். 2003-ல் வெளிவந்த ஓர் ஆய்வில் 676 நோயாளிகளை இரண்டாகப் பிரித்து ஆறு மாதம் பார்த்தார்கள். வார்ஃபரின் வகை மாத்திரை எடுத்தவர்களில் 53 பேருக்கு மறுபடி கட்டியது, டால்டெபரின் ஊசி போட்டவர்களில் 27 பேருக்கு. சரிபாதி! அதன்பின் தினமும் ஊசி என்பதே வழக்கமாயிற்று. 2018-க்குப் பிறகு புது மாத்திரைகளும் வந்துவிட்டன. அபிக்ஸாபன் மாத்திரை ஊசிக்குக் குறைந்ததல்ல என்று 2020-ல் காட்டினார்கள். வயிறு, குடல் புற்றுநோய் உள்ளவர்களுக்குச் சில மாத்திரைகளால் ரத்தக்கசிவு அதிகமாகிறது. அதனால் எது யாருக்கு என்பதை டாக்டர்தான் சொல்ல வேண்டும். மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற சமாசாரம் இல்லை.

கதை எதிர்ப்பக்கமும் திரும்பும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சில வகை ரத்தப் புற்றுநோயில் உடம்பெங்கும் தாறுமாறாக உறைந்து, உறைய வேண்டிய சரக்கெல்லாம் தீர்ந்து, கடைசியில் ரத்தம் நிற்காமல் கசியும். ப்ரோமைலோசைடிக் லுகேமியா என்பது அப்படிப்பட்டது. முன்பெல்லாம் மூளையில் கசிந்து சில நாட்களில் ஆள் போய்விடுவார். அதற்கு ஆர்சனிக், அதாவது பாஷாணம்தான், மருந்தாகிறது. நம் வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் 72 பேருக்கு அதை மட்டுமே கொடுத்து, 86 சதவீதம் பேருக்கு நோய் அடங்கியதை 2006-ல் வெளியிட்டார்கள். விலையுயர்ந்த மருந்துக்கு வழியில்லாதவர்களுக்காக யோசித்த வேலை அது. உலகமே திரும்பிப் பார்த்தது.

வீட்டில் யாராவது சிகிச்சையில் இருந்தால் டாக்டரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: "இவருக்கு ரத்தம் கட்ட எவ்வளவு வாய்ப்பு?" இதற்கு அலோக் கொரானா என்ற டாக்டர் குழுவினர் 2008-ல் ஒரு மதிப்பெண் முறையே கொடுத்திருக்கிறார்கள். எந்த உறுப்பில் நோய், பிளேட்லெட், ஹீமோகுளோபின், வெள்ளை அணு, உடல் பருமன், ஐந்தே விஷயம். எல்லாம் ஏற்கெனவே ஃபைலில் இருப்பதுதான். ஒரு கால் மட்டும் வீங்கினால், கனத்தால், சூடாக இருந்தால் தேய்க்காதீர்கள், அன்றே காட்டுங்கள். திடீரென்று மூச்சு வாங்கினால், மூச்சு இழுக்கும்போது நெஞ்சு வலித்தால், இருமலில் ரத்தம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

அத்தை அதன்பின் இரண்டரை வருஷம் இருந்தார். கடைசியில் கொண்டுபோனது புற்றுநோய்தான், கால் இல்லை. இடையில் என் மகள் பிறந்தாள். முதல் பிறந்த நாளுக்கு அவர் தைத்த பாவாடை இன்னும் பீரோவில் இருக்கிறது.

நேரமாகிவிட்டது, செயலாளர் அண்ணன் கடிகாரத்தைப் பார்க்கிறார். பந்தியில் சந்திக்கலாம். சட்டைப் பையில் டேப் இருக்கிறது, அளந்து பார்க்க ஆசைப்படுகிறவர்கள் வரலாம்.