பிரஷர் மாத்திரையும் நாடித்துடிப்பும்

சேமிப்புக் கணக்கும் நடப்புக் கணக்கும் போல, பிரஷர் மாத்திரைகளும் ஒரே ரகமல்ல. அம்லோடிபின் இரத்தக்குழாயைத் தளர்த்துகிறது. அட்டெனலால், மெட்டோபிரலால் போன்றவை, அட்ரினலின் இதயத்தை விரட்டாமல் தடுக்கின்றன. அதனால் நாடி குறையும். வேகமாக நடந்தாலும் முன்போல் ஏறாது. கைக்கடிகாரத்தின் கோளாறல்ல!

சிலர் நாடி 55 என்று பார்த்ததும் பயந்து, தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து. திடீரென நிறுத்தினால் துடிப்பும் பிரஷரும் எகிறும். இதயநோய் உள்ளவர்களுக்கு மாரடைப்பே வரலாம். குறைப்பதானால் டாக்டர் சொல்லி, படிப்படியாகத்தான். தலைசுற்றல், மயக்கம் இருந்தால் அன்றே அவரைப் பாருங்கள்.

சர்க்கரை நோயாளிகளுக்கு இன்னொன்று. சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பை இந்த மாத்திரை மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது. காரணமின்றி வியர்த்தால் சர்க்கரையைச் சோதியுங்கள். கூடவே நெஞ்சுவலி என்றால், 108-ஐ அழையுங்கள்.