சர்க்கரை வியாதியும் உடம்புக்குள் பிடிக்கும் துருவும்
(பண்ணை வானொலிப் பேச்சு)



கொட்டாரம் வட்டாரத்தில் மண்வெட்டியைக் கழுவித் துடைக்காமல் சாத்தி வைத்தால் என்ன ஆகும்? கடற்காற்றுப் பட்டு நாலு நாளில் துரு ஏறிவிடும். இரும்போடு பிராணவாயு சேருவதால் வருவதுதான் துரு. நாம் மூச்சில் இழுப்பதும் அதே பிராணவாயுதான். அப்படியானால் நம்ம உடம்புக்குள்ளும் துரு பிடிக்குமா? ஒரு வகையில் பிடிக்கத்தான் செய்கிறது. சர்க்கரை வியாதி இருந்தால் அது வேகமாகப் பிடிக்கிறது. இன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக ஆய்வின்படி, நம் நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை வியாதி. தமிழ்நாட்டில் பெரியவர்களில் 100க்கு 14 பேருக்கு மேல். “வெயிலில் பாடுபடுகிறவனுக்கு அது வராது” என்று இனியும் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

உங்கள் பம்புசெட் எஞ்சினைப் பாருங்கள். டீசல் அளவாக எரிந்தால் வேலை நடக்கும், புகை குறைவு. டீசல் மிதமிஞ்சிப் போனால் கரும்புகை கக்கும். நம் உடம்பின் ஒவ்வொரு செல்லிலும் இப்படிச் சின்னஞ்சிறு எஞ்சின்கள் உண்டு. சர்க்கரையைப் பிராணவாயுவோடு சேர்த்து எரித்துச் சக்தி தருவது அவைதான். எரியும்போது கொஞ்சம் பிராணவாயு கட்டுக்கு அடங்காத பொறியாகத் தெறிக்கும். ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடந்தால், முக்கியமாக ரத்தக்குழாயின் உள்சுவரில், இந்தப் பொறி அதிகமாகத் தெறிக்கிறது. பட்ட இடமெல்லாம் சேதம்தான்.

இதற்குக் காவல் இல்லையா? இருக்கிறது. 1969இல் அமெரிக்காவில் மெக்கார்டு, ஃப்ரிடோவிச் என்ற இரண்டு விஞ்ஞானிகள், இந்தப் பொறியை அணைக்கும் ஒரு நொதியை இனம் கண்டார்கள். சூப்பராக்சைடு டிஸ்மியூடேஸ் என்று பெயர். பெயர் பெரிசு, ஆனால் சங்கதி நமக்குத் தெரிந்ததுதான். அதன் ஒரு வகைக்குத் தாமிரமும் துத்தநாகமும் வேண்டும். நெற்பயிரிலும் இதே நொதி உண்டு. துத்தநாகம் குறைந்தால் நெல் இலையில் துரு நிறத்தில் புள்ளி விழுவதையும், நாம் துத்தநாக சல்பேட் போடுவதையும் நினைத்துப் பாருங்கள்.

முதல் காவல்காரன் அணைத்ததில் மிஞ்சும் நஞ்சை முறிக்க கேட்டலேஸ், குளுட்டாதயோன் என்று அடுத்த காவல் இருக்கிறது. குளுட்டாதயோனை உடம்பு திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொள்ளும். இங்கேதான் சர்க்கரை வியாதி குழி பறிக்கிறது. கண், நரம்பு போன்ற இடங்களில் மிஞ்சிய சர்க்கரை வேறொரு பொருளாக மாறுகிறது. அப்படி மாறும்போது, குளுட்டாதயோனைப் புதுப்பிக்க வேண்டிய சரக்கையே அது செலவழித்துவிடுகிறது. மேல்மடைக்காரர் தண்ணீரை எல்லாம் எடுத்துக்கொண்டால் கடைமடை வயல் காய்வது போலத்தான். பொறி கூடுகிறது, காவல் குறைகிறது. கண் பார்வை, சிறுநீரகம், கால் நரம்பு ஆகியவை கெடுவதற்கு இது ஒரு முக்கிய காரணம். சர்க்கரை வியாதியால் வரும் கண் கோளாறில் இதற்குப் பங்கு உண்டா என்று 1995இலேயே சென்னை மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள்.

“அப்போ துரு தடுக்கிற மாத்திரையை வாங்கி முழுங்கினால் போதுமே?” என்று நீங்கள் கேட்கலாம். ஆன்டிஆக்சிடண்ட் என்று பெயர் போட்டு மாத்திரையும் டானிக்கும் நிறைய விற்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் வெளியான ஹோப் என்ற ஆய்வில், மாரடைப்பு அபாயம் உள்ள 9,500க்கும் மேற்பட்டவர்களைச் சேர்த்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சர்க்கரை வியாதிக்காரர்கள். பாதிப் பேருக்கு நாலரை வருஷம் போல தினமும் வைட்டமின் ஈ கொடுத்தார்கள். மாரடைப்பு குறையவே இல்லை. கரும்புகை கக்கும் எஞ்சினுக்கு வெளியே விசிறி வைத்தால் போதுமா? டீசலை அல்லவா திருத்த வேண்டும்!

டீசலைத் திருத்தினால் பலன் உண்டு என்பதற்கும் சாட்சி இருக்கிறது. பிரிட்டனில் 5,102 பேரைச் சேர்த்து இருபது வருஷம் நடத்திய ஆய்வின் முடிவு 1998இல் வந்தது. சர்க்கரையை நன்றாகக் கட்டுக்குள் வைத்தவர்களுக்கு, கண், சிறுநீரகம் போன்ற இடங்களில் சிறு ரத்தக்குழாய்ச் சேதம் 100க்கு 25 பங்கு குறைந்தது.

அதனால் நெல்லிக்காய் சாப்பிடுங்கள், முருங்கைக்கீரையும் அகத்திக்கீரையும் சாப்பிடுங்கள். எல்லாம் நல்லதுதான். ஆனால் நெல்லிக்காய்ப் பொடியை நம்பி டாக்டர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். “கருப்பட்டிக் காப்பி குடிக்கலாம், தேன் சாப்பிடலாம், அது சர்க்கரை இல்லையே” என்று நம்ம பக்கத்தில் சொல்லுவார்கள். கருப்பட்டியும் தேனும் ரத்தத்தில் சர்க்கரையாகத்தான் ஏறும். மரச்சீனிக் கிழங்கு வேளைக்குச் சோற்றையும் சேர்த்துத் தின்னக் கூடாது. ஒன்றைக் குறைத்தால்தான் மற்றொன்று. மட்டிப்பழமும் அளவோடுதான். பீடி சிகரெட் வேண்டவே வேண்டாம். அந்தப் புகையே பொறிதான்.

கடைசியாக ஒன்று. நரம்பு மரத்துப்போன காலில் முள் குத்தினாலும் தெரியாது. களத்துச் சூடும் தெரியாது. வரப்பில் நடக்கும்போது செருப்பு போடுங்கள். சேற்றில் இறங்கி வேலை செய்தால், கரையேறியதும் காலைக் கழுவி விரல் இடுக்கு வரை துடையுங்கள். சாயங்காலம் உள்ளங்காலை ஒரு கண்ணாடி வைத்துப் பாருங்கள், அல்லது வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். ஆணிக்காலைப் பிளேடால் அறுக்காதீர்கள். புண் கண்டால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அறுப்பு முடியட்டும் என்று தள்ளிப்போட்ட புண்ணால் விரலையும் காலையும் இழக்க நேரிடும்.

மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. அது 7க்குக் கீழே இருப்பது பெரும்பாலானவர்களுக்கு நல்லது. உங்களுக்கு எவ்வளவு என்பதை டாக்டர் சொல்லுவார். வருஷத்துக்கு ஒரு தடவை கண்ணையும் சிறுநீரையும் சோதித்துக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் மேற்கொண்டு எங்கே போக வேண்டும் என்று வழி சொல்லுவார்கள்.

மண்வெட்டியின் துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். கண்ணிலும் காலிலும் ஏறிய துருவைத் தேய்க்க முடியாது. ஏறாமல் பார்த்துக்கொள்வது நம் கையில்தான் இருக்கிறது.