சூளையடியில் முதல் ஐந்தாண்டு



வேதிப்பொறியியல் முடித்தவர்களிடம் எங்கே வேலை தேடுவீர்கள் என்று கேட்டால் சுத்திகரிப்பு ஆலை, உரம், மருந்து என்பார்கள். மாக்னசைட், சுண்ணாம்புக்கல், கயோலின், கடற்கரை மணல் என்று சொல்பவர் அரிது. தொழிற்கனிமம் என்பது வேறெங்கும் இடம் கிடைக்காதவர் ஒதுங்கும் துறை என்றொரு பேச்சும் உண்டு. நான் அதை ஏற்பதில்லை. ஆனால் அந்தப் பேச்சு வளர்ந்ததில் கல்லூரிக்கும் ஆலைக்கும் சம பங்கு உண்டு என்பதைச் சொல்லத்தான் இந்த மாநாட்டின் தலைமை உரையைப் பயன்படுத்திக்கொள்கிறேன்.

முதலில் கல்லூரி. 1944இல் தொடங்கிய ஏ.சி. டெக் முதல் நேற்று முளைத்த கல்லூரி வரை, குழாயில் ஓடும் திரவத்துக்கும் வாயுவுக்கும் கிடைக்கும் மரியாதை பொடிக்குக் கிடைப்பதில்லை. 'மெக்கானிக்கல் ஆபரேஷன்ஸ்' என்று ஒரு தாள், அதோடு சரி. தொழிற்கனிம ஆலையிலோ காலை முதல் இரவு வரை பொடிதான். எந்த ஆலைக்கு வேண்டுமானாலும் போய், பொடி கொட்டும் ஹாப்பரின் கூம்புப் பகுதியைப் பாருங்கள். சம்மட்டி அடித்த பள்ளங்கள் வரிசையாகத் தெரியும். உள்ளே பொடி வளைவு கட்டி நின்றுவிடும்; உதவியாளர் ஓங்கி அடிப்பார்; கொஞ்சம் இறங்கும். அடித்த பள்ளத்தில் பொடி மேலும் தங்கும். அந்தக் கூம்பு இன்னும் செங்குத்தாக இருந்திருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டியவர் நம் பட்டதாரி. அவருக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லித்தந்ததில்லை.

இன்னொன்றும் வகுப்பில் வருவதில்லை. தேர்வுத்தாளில் உள்ளே வரும் பொருளின் சேர்க்கை முதல் வரியிலேயே கொடுக்கப்பட்டிருக்கும், கடைசி வரி வரை மாறாது. கனிமத்தில் அது வண்டிக்கு வண்டி மாறும். வாய்பாட்டின்படி இல்மனைட்டில் டைட்டானியம் டை ஆக்சைடு 52.6 விழுக்காடு. மணவாளக்குறிச்சி மணலில் சுமார் 55, சவராவில் சுமார் 60. காற்றும் நீரும் காலங்காலமாக இரும்பைக் கரைத்து எடுத்துவிட்டதன் விளைவு அது. ஒரே கடற்கரையில், ஒரே பெயருள்ள கனிமத்தில் இவ்வளவு வேறுபாடு. ஒன்றைக் கரைக்க வகுத்த அமிலக் கணக்கை மற்றொன்றுக்கு அப்படியே வைத்துக்கொள்ள முடியாது.

சேலத்துக்கு வருவோம். கருப்பூர், செட்டிச்சாவடிப் பக்கம் மாக்னசைட்டை வெள்ளைக்கல் என்பார்கள். டூனைட் பாறைக்குள் நரம்பு நரம்பாக ஓடும் கல். சுத்தமான வெள்ளைக்கல் நூறு கிலோவைச் சுட்டால் ஐம்பத்திரண்டு கிலோ கரியமில வாயுவாகப் போய்விடும், மிஞ்சுவது நாற்பத்தெட்டு. இது பள்ளி மாணவனும் போடும் கணக்கு. ஒட்டிக்கொண்டு வரும் டூனைட்டின் சிலிக்காதான் பொறியாளரின் கணக்கு. 1600 பாகை செல்சியஸுக்கு மேல் சுடும் சுழல்சூளையில் அந்தச் சிலிக்கா கூடினால் உள்சுவரில் வளையம் கட்டும், கல் இறங்காது. ஆய்வகத் தாள் வந்து சேருவதற்குள் ஷிஃப்டே முடிந்துவிடும். நீலக் கண்ணாடி வழியே தீயைப் பார்த்துவிட்டு, "கல்லு மாறிடுச்சு சார்" என்று சூளை ஆபரேட்டர் அதற்கு முன்பே சொல்லிவிடுவார். நான் பயிற்சிப் பொறியாளராக இருந்தபோது பாடம் எடுத்தவர்கள் அந்த ஆபரேட்டர்கள்தாம். அவர்கள் கண்ணில் பட்டதை எண்ணாக மாற்றி, நாளைக்கு எந்தக் குவியலோடு எதைக் கலப்பது என்று முடிவு செய்வதே இளம் பொறியாளரின் உண்மையான முதல் வேலை.

அந்த வேலையை ஆலைகள் அவருக்குத் தருகின்றனவா? பெரும்பாலும் இல்லை. சேர்ந்த மறுவாரமே கணினி முன் உட்காரவைத்து, தணிக்கைக்கான கோப்புகளை நிரப்பச் சொல்கிறோம். பெண்ணாக இருந்தால் ஆய்வகத்தோடு நிறுத்திவிடுகிறோம். திறந்தவெளிச் சுரங்கங்களில், அவர்கள் சம்மதத்தோடு, பெண்களை இரவுப் பணியில் அமர்த்த 2019இலேயே அரசு வழி திறந்துவிட்டது. நம் மனம்தான் திறக்கவில்லை. இரண்டாண்டு கழித்து இந்த இளம் பொறியாளர்கள் மென்பொருள் நிறுவனத்துக்குப் போனால், 'இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை' என்று நாமே அலுத்துக்கொள்கிறோம்.

தூசியைப் பற்றியும் ஒரு சொல். சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்தால் திரும்பி வராது. தூசி உறிஞ்சும் குழாயின் அளவைத் தீர்மானிப்பது வேதிப்பொறியாளரின் வேலை. முகக்கவசம் கொடுத்துவிட்டதோடு அது முடிந்துவிடுவதில்லை. இதைப் பற்றி ஒரு கட்டுரையாவது இங்கே படிக்கப்பட வேண்டும்.

இந்த அவை முடிவெடுக்க வேண்டியவை என்று மூன்றை முன்வைக்கிறேன். பொடிகளைப் பற்றிய துகளியலைத் தனித் தாளாக்கப் பல்கலைக்கழகங்களை வற்புறுத்துவோம். புதிதாகச் சேர்பவரை முதல் மூன்று மாதம் சுரங்க முகப்பில் நிறுத்துவோம். பிறகு சில வாரம் நம் சரக்கை வாங்குகிறவரின் ஆலைக்கு, உலைக்கல் செய்யும் இடத்துக்கோ காகித ஆலைக்கோ, அனுப்புவோம். நம் பொடி எங்கே சொதப்புகிறது என்பது அங்கேதான் தெரியும். நாளை மாலை நிறைவுக் கூட்டத்தில் இவற்றைத் தீர்மானமாகக் கொண்டுவர ஆலை மேலாளர்கள் முன்வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, முதல் அமர்வைத் தொடங்கி வைக்கிறேன்.