மாவு உருண்டையில் எண் பாடம்

(சிங்கப்பூரில் பாலர் பள்ளிக் கல்வி குறித்து நடைபெற்ற தொலைக்காட்சிக் கருத்தரங்கில் தமிழாசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

தொடக்கநிலை ஒன்றுக்குப் பிள்ளையை எப்படித் தயார் செய்வது என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன் பேசியவர்கள் எழுத்தையும் வாசிப்பையும் பற்றி நிறையச் சொல்லிவிட்டார்கள். நான் எண்களைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

"டீச்சர், என் மகன் நூறு வரைக்கும் தடங்கல் இல்லாமல் சொல்வான்" என்று பெற்றோர்கள் பெருமையோடு சொல்வார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதே பிள்ளையின் முன் பத்துப் பொத்தான்களை வைத்து, "எனக்கு அஞ்சு கொடு, ராஜா" என்று கேட்டுப் பாருங்கள். மூன்று வயதுப் பிள்ளை பெரும்பாலும் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுத்துவிடும். காரன் வின் என்ற ஆய்வாளர் இப்படிக் கேட்டுப் பார்த்து 1990இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். பிள்ளைகள் முதலில் 'ஒன்று' என்பதை மட்டும் சரியாகக் கொடுக்கக் கற்கிறார்கள். சில மாதங்கள் கழித்து இரண்டு, பிறகு மூன்று. அதற்கும் பிறகுதான், எண்ணி முடிக்கும்போது வரும் கடைசிச் சொல்லே மொத்தம் எத்தனை என்பதைச் சொல்கிறது என்ற உண்மை பிடிபடுகிறது. அதுவரை பிள்ளைக்கு எண்கள் ஒரு பாட்டு, அவ்வளவுதான். இதைப் பிள்ளையின் மந்தம் என்று யாரும் நினைக்க வேண்டாம். எல்லாப் பிள்ளைகளும் ஏறி வரும் படிக்கட்டு இது.

சிக்கல் எங்கே வருகிறது? பாட்டு நன்றாக இருக்கிறதே என்று நாம் நேராகப் பயிற்சிப் புத்தகத்துக்குத் தாவிவிடுகிறோம். கூட்டல், கழித்தல், பக்கம் பக்கமாக. 2019 முதல் தொடக்கநிலை ஒன்றிலும் இரண்டிலும் மதிப்பெண் தேர்வுகளே இல்லை. ஆனாலும் நம் வீட்டுப் பரபரப்பு குறைந்தபாடில்லை. அடித்தளம் உறுதியாகாத பிள்ளை, விடையை யூகித்து எழுதப் பழகுகிறது. கணக்கு என்றால் யூகம் என்று ஆறு வயதில் ஒரு பிள்ளை முடிவு கட்டிவிட்டால், பின்னால் அதை மாற்றுவது மிகவும் சிரமம்.

சரி, மாவுக்கு வருவோம். மணி, பொத்தான், கட்டை என்று எண்ணுவதற்கு எத்தனையோ பொருள்கள் இருக்க, மாவு எதற்கு? சின்னப் பிள்ளைக்கு வாய் வேகம், விரல் மெதுவு. நாலு மணியைத் தொடுவதற்குள் வாய் ஏழுக்குப் போய்விடும். மாவில் அது நடக்காது. ஓர் உருண்டையை உருட்டி முடிக்கும்வரை அடுத்த எண்ணுக்கு வேலையில்லை. ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்பதைக் கையே கற்றுக் கொடுத்துவிடும். ரோச்செல் கெல்மனும் காலிஸ்டலும் 1978இல் எழுதிய நூலில் எண்ணுவதற்கான விதிகளில் முதலாவதாகச் சொன்னது இதைத்தான்.

இந்த மாவின் கதையே ஒரு வேடிக்கை. கடைகளில் நாம் பார்க்கும் பிளே-டோ, சுவர்க் காகிதத்தில் படிந்த நிலக்கரிப் புகைக்கறையைத் துடைக்கும் பசையாகத்தான் அமெரிக்காவின் சின்சினாட்டியில் பிறந்தது. கரி அடுப்பு போய்ப் பசைக்கு விற்பனை குறைந்த காலத்தில், ஒரு பாலர் பள்ளி ஆசிரியை அதைப் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்த்தார். 1956இல் அது விளையாட்டுப் பொருளாகக் கடைக்கு வந்தது.

வீட்டில் எப்படிச் செய்வது? பத்திலிருந்து தொடங்காதீர்கள். மூன்றில் தொடங்குங்கள். "பாட்டிக்கு மூணு இட்லி, தாத்தாவுக்கு ரெண்டு இட்லி செஞ்சு தாம்மா" என்று கேளுங்கள். கொண்டு வந்ததும், "பாட்டிக்கு எத்தனை வந்திருக்கு?" என்று கேளுங்கள். பிள்ளை மறுபடியும் முதலிலிருந்து எண்ணினால் திருத்த வேண்டாம். ஒருநாள் எண்ணாமலே "மூணு" என்று சொல்லும். அன்றைக்கு நான்குக்குப் போகலாம்.

இனி நான் மிக முக்கியமாகக் கருதும் விளையாட்டு. நாலு உருண்டையை வரிசையாக வையுங்கள். ஒன்றைத் தட்டையாக்கி அப்பளம் போல் பரப்புங்கள். "இப்போ எத்தனை?" பல பிள்ளைகள் கூடிவிட்டது என்பார்கள். எண்ணிப் பார்த்தால் அதே நாலு. அடுத்து, ஓர் உருண்டையை இரண்டாகப் பிய்த்து வையுங்கள். இப்போது ஐந்து. ஆனால் மாவு கூடவில்லையே! பிள்ளையின் முகம் மாறுவதைப் பாருங்கள். அளவு வேறு, எண்ணிக்கை வேறு என்பது இந்த இடத்தில்தான் விளங்கும். பியாஜே அந்தக் காலத்திலேயே, வரிசையை இழுத்து நீட்டினால் எண்ணிக்கையும் கூடிவிட்டதாகப் பிள்ளைகள் நினைப்பதைக் காட்டினார். மணிகளை வைத்து நீட்டத்தான் முடியும். பிய்க்கவும் மறுபடி சேர்க்கவும் மாவில்தான் முடியும். கடைசியில் எல்லாவற்றையும் பிசைந்து டப்பாவில் போட்டுவிட்டுத் தட்டைக் காட்டி எத்தனை என்று கேட்டால், பூஜ்யமும் வந்துவிடும்.

மாவைத் திரித்து 2, 3 என்று எண் வடிவம் செய்யும் அட்டைகள் கடையில் விற்கின்றன. விரலுக்கு நல்ல பயிற்சிதான், மறுக்கவில்லை. ஆனால் 3 என்ற வடிவத்தைச் செய்த பிள்ளைக்கு மூன்று தெரிந்துவிட்டது என்று நம்பாதீர்கள். வடிவத்தின் பக்கத்தில் மூன்று உருண்டையும் இருக்க வேண்டும். முதலில் பொருள், பிறகு படம், அதன் பிறகே குறி என்பது சிங்கப்பூர்க் கணிதம் 1980களிலிருந்து பின்பற்றும் முறை.

தமிழாசிரியை என்பதால் இதையும் சொல்லியாக வேண்டும். நம் பிள்ளைகள் மின்தூக்கிப் பொத்தானிலிருந்து பேருந்து எண் வரை எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே எண்ணுகிறார்கள். தமிழ் எண்கள் வகுப்பில் மட்டும் வாழ்கின்றன. இதில் நட்டம் மொழிக்கு மட்டுமில்லை. 'இலெவன்', 'டுவெல்வ்' என்ற சொற்களில் பத்து இருப்பது பிள்ளையின் காதுக்குக் கேட்காது. 'பதினொன்று' என்றால் பத்தும் ஒன்றும். 'இருபது' என்றால் இரண்டு பத்து. சீன மொழியும் இப்படித்தான். சீனம் பேசும் பிள்ளைகள் பத்துக்கு மேலே எண்ணும்போது ஆங்கிலம் பேசும் பிள்ளைகளைவிடக் குறைவாகவே தடுமாறுகிறார்கள் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. ஒன்பதும் தொண்ணூறும் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அது போகட்டும். பத்து உருண்டையைச் சேர்த்து ஒரு நீளக் குச்சியாக உருட்டுங்கள். குச்சிக்குப் பக்கத்தில் ஓர் உருண்டை வைத்து, "பத்தும் ஒண்ணும் பதினொண்ணு" என்று தமிழில் சொல்லுங்கள். இதற்குப் பாட்டியைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. கொழுக்கட்டை பிடித்த கை அது.

"சாப்பிடுகிற மாவில் விளையாடுவதா?" என்று சில பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள். அந்த மரியாதை நல்லதுதான். அப்படி நினைப்பவர்கள் சப்பாத்திக்குப் பிசைந்த மாவிலேயே, கை கழுவச் சொல்லி, எண்ணி உருட்டச் சொல்லலாம். "வீட்டில் அஞ்சு பேர், ஆளுக்கு ரெண்டு" என்றால் கணக்கும் ஆச்சு, சாப்பாடும் ஆச்சு.

தனியாகச் செய்ய விரும்பினால், இரண்டு குவளை மைதா, ஒரு குவளை தூள் உப்பு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய். ஒரு குவளைக்குச் சற்றுக் குறைவான தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிப் பிசையுங்கள். மஞ்சள் தூளும் சேர்க்கலாம், சட்டையில் கறை படியும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர் ஈரக் காற்றில் உப்பு நீர் கோத்து மாவு பிசுபிசுக்கும். மூடி இறுக்கமான டப்பாவில் போட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். உப்பு அதிகம் என்பதால் பிள்ளை இதை விழுங்கவே கூடாது. மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குச் சின்ன உருண்டைகள் தொண்டையில் அடைக்கும்; பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கோதுமை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்குக் கடை மாவும் ஆகாது, அதிலும் கோதுமை இருக்கிறது. அவர்களுக்கு அரிசி மாவில் செய்து கொடுங்கள்.

நெறியாளர் மணியைக் காட்டுகிறார்.