அபாயச் சங்கிலியும் 356-ஆம் பிரிவும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்துக்கொண்டு, இரயில்வே அலுவலகத்தில் எழுத்தராகப் பணிபுரிபவன் நான். கற்றறிந்தோர் நிறைந்த இவ்வவையில் அரசியற் சட்டத்தைப் பற்றிப் பேச நான் துணிந்ததற்கு ஒரு சிறுவனே காரணம். சாணக்கியபுரியில் ஞாயிறுதோறும் நம் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுத்து வருகிறோம். அங்கே ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒருநாள் என்னிடம் வந்தான். "மாமா, ஊருக்குப் போனால், மாநிலத்தின் உரிமை பறிபோகிறது என்று தாத்தா சொல்கிறார். இங்கே வந்தால், நடுவண் அரசு வலுவாக இருந்தால்தான் நாடு நிலைக்கும் என்று அப்பா சொல்கிறார். இருவரில் யார் சொல்வது சரி?" என்று கேட்டான்.

அடுத்த ஞாயிறு இதைப் பற்றிப் பேசுவோம் என்று நான் சொன்ன செய்தி பரவிற்று. ஒரு தந்தையார் வந்து, "நாமெல்லாம் அரசு ஊழியர்கள். பிள்ளைகளுக்கு அரசியல் வேண்டாமே" என்றார். அவர் அச்சம் பொருளற்றதன்று. 1966-ஆம் ஆண்டின் இரயில்வே நடத்தை விதிகள் என்னையும் கட்டுப்படுத்துகின்றன. நான் எந்தக் கட்சியிலும் சேரலாகாது. அன்றிரவு நெடுநேரம் சிந்தித்தேன். விதி தடுப்பது என் கட்சியை நான் பிள்ளைகள்மீது சுமத்துவதைத்தான்; நாட்டின் பெரியோர்கள் இரு பக்கமும் நின்று வாதிட்ட வரலாற்றைச் சொல்வதை அன்று. நல்லாசிரியனுக்கும் இதுதானே இலக்கணம்! எனக்கு விலங்கென்று நான் எண்ணியது உண்மையில் எனக்கு வழிகாட்டியாயிற்று.

அரசியற் சட்டத்தின் 356-ஆம் பிரிவை எடுத்துக்கொண்டேன். ஒரு மாநிலத்தின் ஆட்சி அரசியற் சட்டப்படி நடைபெற இயலாத நிலை வந்தால், அதனைக் குடியரசுத் தலைவர் ஏற்றுக்கொள்ள வழி செய்வது இப்பிரிவு. இது அரசியல் நிர்ணய சபையில் 1949 ஆகஸ்டில் விவாதிக்கப்பட்டது. எச். வி. காமத் கடுமையாக எதிர்த்தார். கவர்னரின் அறிக்கை இல்லாமலும் குடியரசுத் தலைவர் நடவடிக்கை எடுக்கலாம் என்ற வாசகம் அவரை மிகவும் கலங்கச் செய்தது. சென்னையின் அட்வகேட் ஜெனரலாக இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயரோ, அரசியற் சட்டத்தைக் காப்பது நடுவண் அரசின் கடமை என்று ஆதரித்தார். நாடு பிரிந்து ஈராண்டே ஆகியிருந்த காலம் அது. டாக்டர் அம்பேத்கர், இப்பிரிவு தவறாகப் பயன்படக்கூடும் என்பதை மறுக்கவில்லை. பயன்படுத்தப்படாமலே கிடக்கும் என்று நம்புவதாகக் கூறினார்.

பிள்ளைகளுக்கு விளங்க வேண்டி, என் தொழிலிலிருந்து ஓர் உவமை சொன்னேன். இரயில் பெட்டியில் அபாயச் சங்கிலி உண்டு. சிலர் வீணாக இழுக்கிறார்கள் என்பதற்காக அதனை அறுத்தெறிந்துவிடலாமா? சங்கிலி இருக்கிறதே என்பதற்காக நினைத்தவர் நினைத்த இடத்தில் இழுக்கலாமா? தக்க காரணமின்றி இழுப்பவருக்கு இரயில்வே சட்டத்தின் 141-ஆம் பிரிவு தண்டனை விதிக்கிறது. அப்படியானால், தக்க காரணம் இருந்ததா என்று விசாரிப்பவர் யார்? இவ்விடத்தில்தான் கருத்துகள் பிரிகின்றன என்றேன்.

பிறகு வகுப்பை இரு பகுதியாக்கிச் சீட்டுக் குலுக்கினோம். தமக்குப் பிடித்த பக்கத்தையன்று, சீட்டில் வந்த பக்கத்தையே பேச வேண்டும். அடுத்த வாரம் பக்கம் மாற வேண்டும். சான்றுகளை நான் இரு சாராருக்கும் சமமாகத் தந்தேன். 1959-இல் கேரள அமைச்சரவை கலைக்கப்பட்டது. 1977-இல் ஜனதா அரசு ஒன்பது மாநிலச் சட்டசபைகளைக் கலைத்தது. 1980-இல் மீண்டும் ஆட்சிக்கு வந்த காங்கிரஸ் அரசும் ஒன்பதைக் கலைத்தது. தமிழ்நாடு 1976, 1980, 1988, 1991 ஆகிய நான்கு முறை இதைக் கண்டது. 1971-இல் அறிக்கை அளித்த இராஜமன்னார் குழு இப்பிரிவையே நீக்கச் சொன்னது. 1988-இல் அறிக்கை அளித்த சர்க்காரியா ஆணையம், இருக்கட்டும், வேறு வழியே இல்லாதபோது அரிதாகப் பயன்படுத்துக என்றது. 1994-இல் பொம்மை வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, இத்தகைய அறிவிப்பையும் நீதிமன்றம் ஆராயலாம் என்று தீர்ப்பளித்தது. பெரும்பான்மை உண்டா என்பது சட்டசபையில்தான் மெய்ப்பிக்கப்பட வேண்டும் என்பதும் அதில் உறுதியாயிற்று.

இரண்டாம் வாரம் ஒரு சிறுமி எழுந்து, "மாமா, ஆட்சியில் இல்லாதபோது சங்கிலியைப் பழித்தவர்களே, ஆட்சிக்கு வந்ததும் அதை இழுத்திருக்கிறார்களே!" என்றாள். நான் சொல்லிக்கொடுக்காத பாடம் அது. தானாகக் கண்டதனால் அவள் அதை மறக்கமாட்டாள்.

முதலில் கேள்வி கேட்ட சிறுவன் இரு பக்கமும் பேசினான். முடிவில், "எது சரி என்று நீங்கள் சொல்லவே இல்லையே மாமா" என்று குறைபட்டுக்கொண்டான். "இந்த விடுமுறையில் தாத்தாவிடம், நாடு உடையும் நிலை வந்தால் என்ன செய்வது என்று கேள். அப்பாவிடம், மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சியை வீணாகக் கலைத்தால் யார் தடுப்பது என்று கேள். இருவர் விடையையும் எழுதிக்கொண்டு வா" என்றேன். சிரித்துக்கொண்டே போனான். தடுக்க வந்த தந்தையாரும் மூன்றாம் வாரம் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பெரியோர்களே! நம் பிள்ளைகள் பதினெட்டு வயதில் வாக்களிக்கப் போகிறவர்கள். அதுவரை அரசியலை அவர்கள் காதில் விழாமல் காக்க நம்மால் ஆகாது. ஒரு பக்கம் மட்டுமே கேட்டு வளர்ந்தவன், மறுபக்கம் பேசுபவனைப் பகைவன் என்றே எண்ணுவான். ஊரிலுள்ள தாத்தாவையும் இங்குள்ள தந்தையையும் ஒருசேர மதிக்க வேண்டிய நம் பிள்ளைகளுக்கு அது ஆகாது. ஆகவே, வீட்டில் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள். அதோடு, அதை மறுப்பவர் என்ன காரணம் சொல்கிறார் என்பதையும் நேர்மையாகச் சொல்லுங்கள். ஞாயிறு வகுப்பு உங்களையும் அன்புடன் அழைக்கிறது.